பழுதைக் கழிக்க முடியாத செல்கள்

நான் வேலை பார்த்த அரசு மருத்துவமனையில் மரபணு ஆலோசனைக்கென்று தனி அறை திறந்திருக்கிறார்கள். என் இடத்துக்கு வந்திருக்கும் இயன்முறை மருத்துவர் நித்யா போனில் சொன்னாள். ஆண்டு மலருக்கு என்னிடமிருந்து ஒரு கட்டுரை வேண்டுமாம். "அந்த ரூமெல்லாம் இல்லாத காலத்துல நீங்க எப்படிச் சமாளிச்சீங்கன்னு எழுதுங்க மேடம். படிக்கறவங்களுக்கு ஒரு தெம்பு வர்ற மாதிரி இருக்கட்டும்" என்றாள். எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டேன். உட்கார்ந்து யோசித்தால் ஒரே ஒரு குடும்பம்தான் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வருகிறது. அதில் தெம்பு எவ்வளவு கிடைக்கும் என்று தெரியவில்லை.

இண்டூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள் நான். சென்னையில் படிப்பு, சேலத்தில் சில வருட வேலை, பிறகு தருமபுரிக்கு மாற்றல். ஓய்வு பெறும்வரை அங்கேதான். முதல் பாதி முழுக்க எலும்பு முறிவும் பக்கவாதமும். புளிய மரத்திலிருந்து விழுந்தவர்கள், பைக்கிலிருந்து விழுந்தவர்கள், ஒரு பக்கம் இழுத்துக்கொண்டவர்கள். கையை மடக்கு, காலை நீட்டு என்று சொல்லிச் சொல்லி வருடங்கள் போயின.

டாக்டர் சௌந்தரவல்லி நரம்பியல் பிரிவுக்கு வந்த பிறகுதான் ஒரு மனிதன் நடப்பதை நான் ஒழுங்காகப் பார்க்கக் கற்றேன். குள்ளமானவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நோயாளி ஸ்கேன் கவரை நீட்டினால் வாங்கி, பிரிக்காமல் மேசைமேல் கவிழ்த்து வைத்துவிடுவார். "மொதல்ல நடங்க" என்பார். நோயாளி வராந்தாவின் கடைசிவரை போய்த் திரும்ப வேண்டும். எந்தக் கை வீசவில்லை, குதிகால் முதலில் படுகிறதா விரல் படுகிறதா, திரும்பும்போது எத்தனை சின்ன எட்டு வைக்கிறார், வாய் சிரிக்கும்போது கண்ணும் சிரிக்கிறதா என்று நான் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் திட்ட மாட்டார். "இன்னொரு தடவை பாருங்க பிலோமினா" என்பார். சரியாகப் பார்க்கும்வரை அதையேதான் சொல்வார். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றும்.

கெட்ட செய்தி சொல்ல வேண்டிய நாளில் தன் நாற்காலியில் உட்கார மாட்டார். உறவினர்கள் இருக்கும் பெஞ்சிலேயே, முழங்கால் இடிக்கிற தூரத்தில் போய் உட்காருவார். சொல்ல வேண்டியதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அவர்களாக ஏதாவது கேட்கும்வரை பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் பயிற்சி டாக்டர்கள் வாயைத் திறந்தால் கையை லேசாக உயர்த்தி நிறுத்திவிடுவார்.

மாதேஷ் ஒரு கோடைக்காலத்தில் வந்தான். முப்பது வயது இன்னும் ஆகவில்லை. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவன். கூட அம்மா மாதம்மாவும், தங்கச்சி கோமதியும். அதற்குள் அவனுக்குப் பல பெயர்கள் சூட்டப்பட்டிருந்தன. ஒருவர் கால் சுளுக்கு என்றார், ஒருவர் முதுகெலும்புத் தட்டு விலகல் என்றார், இன்னொருவர் நரம்புத் தளர்ச்சி என்று ஊசி போட்டார். ஊரில் அவனைக் குடிகாரன் என்றார்கள்.

"காலைல நல்லாத்தாங்க இருக்கறன்" என்றான். "மொத ரெண்டு நடைக்கு எவனும் என்னைய மிஞ்ச முடியாது. மத்தியானம் ஆச்சுன்னா இந்தக் காலு உள்ளாற திரும்பிக்குதுங்க. கை நம்ம பேச்சக் கேக்கறதில்ல. பரிசல் ஒரே எடத்துல சுத்துது. ஒரு நாளு ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் பாறையில மோதப் பாத்துட்டன். குடிச்சுப்புட்டு ஓட்டறான்னு எறக்கி உட்டுட்டாங்க."

"மத்தியானம் கொஞ்ச நேரம் தூங்கினா?" என்று கேட்டார் டாக்டர்.

மாதேஷ் நிமிர்ந்து பார்த்தான். "தூங்கி எந்திரிச்சா காலு நேராயிடுதுங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டாக்டர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சேர்த்துத் தட்டச் சொன்னார். முதலில் விரல்கள் அகலமாகத் திறந்தன. போகப் போக அகலம் குறைந்து, ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டன. எண்ணிக்கொண்டே தட்டச் சொன்னார். "ஒந்து, எரடு, மூறு" என்று கன்னடத்தில் எண்ணினான். அக்கரைக்காரர்களோடு சேர்ந்து துடுப்புப் போட்டுப் பழகிய எண்ணிக்கையாம். எண்ணும்போது விரல்கள் கொஞ்சம் அகலமாயின. பிறகு கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். நான் பின்னால் நின்று அவன் இரண்டு தோளையும் பிடித்துச் சட்டென்று இழுத்தேன். நல்ல உடம்பு ஓரெட்டு பின்னால் வைத்து நின்றுகொள்ளும். அவன் கட்டை மாதிரி என்மேல் சாய்ந்தான்.

வார்டில் சேர்த்தோம். மறுநாள் மத்தியானம், கால் நன்றாகத் திருகிக்கொண்ட நேரம் பார்த்து, பார்க்கின்சன் நோய்க்குத் தருகிற லெவோடோபா மாத்திரையில் பாதியைக் கொடுத்தார் டாக்டர். நாங்கள் கட்டிலைச் சுற்றிக் காத்திருந்தோம். முதலில் பாதம் நேரானது. பிறகு விரல்கள். அவனே கட்டிலைவிட்டு இறங்கி, வராந்தா முழுக்க நடந்து, திரும்பி வரும்போது ஓடியே வந்தான். மாதம்மா டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டார். கோமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டர் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. வெளியே வந்ததும், "இவ்வளவு கொஞ்சத்துக்கு இவ்வளவு கேக்குதுன்னா எனக்குப் பயமா இருக்கு பிலோமினா" என்றார்.

பார்க்கின்சன் நோய் வயதானவர்களுக்கு வருவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இந்த வயதில் வந்தால் பரம்பரையாக இருக்கலாம் என்றார். விசாரித்தபோது, மாதம்மா கட்டிக்கொண்டது அவருடைய சொந்தத் தாய்மாமனை என்று தெரிந்தது. கணவர் இப்போது உயிரோடு இல்லை. மாதேஷின் ரத்தம் மரபணுச் சோதனைக்காகப் பெங்களூருக்குப் போனது.

முடிவு வந்த அன்று, குடும்பத்தைக் கூப்பிடுவதற்கு முன் டாக்டர் எங்களுக்கு விளக்கினார். செல்லுக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதியைச் செய்து தருவது மைட்டோகாண்ட்ரியா. அந்த வேலையைச் செய்வதிலேயே அவை சேதமும் அடைகின்றன. செல் அவற்றை அப்படியே விட்டுவிடுவதில்லை. அவை ஒன்றோடொன்று இணைந்து உள்ளிருப்பதைப் பகிர்ந்துகொள்கின்றன. கெட்டுப்போன பகுதி தனியாக வெட்டுப்பட்டுப் பிரிகிறது. நல்ல மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஒரு புரதம் வந்து வந்து, உள்ளே இழுக்கப்பட்டு அழிந்துகொண்டே இருக்கும். கெட்டதற்கு அதை உள்ளே இழுக்கும் தெம்பு இல்லை. அதனால் அந்தப் புரதம் மேலுறையிலேயே சேர்ந்துவிடும். அதைக் கண்டு இரண்டாவது புரதம் ஒன்று வந்து, கெட்டதன் மேலெல்லாம் அடையாளம் ஒட்டும். அடையாளம் ஒட்டியதை ஒரு சவ்வு சுற்றி வளைத்துக்கொண்டு போய்க் கரைத்துவிடும். மாதேஷுக்கு அந்த இரண்டாவது புரதத்தைச் செய்கிற மரபணு அம்மா வழியிலும் பழுது, அப்பா வழியிலும் பழுது. ஒன்று நன்றாக இருந்தாலே போதுமானதாக இருந்திருக்கும்.

"உடம்பு முழுக்க செல் இருக்கே மேடம், ஏன் நடை மட்டும் கெடணும்?" என்று ஒரு பயிற்சி டாக்டர் கேட்டார்.

"நடுமூளையில ஒரு கூட்டம் செல்லுக்கு ஓய்வே கிடையாது. ஒவ்வொண்ணும் ஏகப்பட்ட கிளை விட்டிருக்கும். அதனால மொதல்ல அதுங்க சாகுதுன்னு நினைக்கறோம்." கொஞ்சம் நிறுத்தினார். "நான் சொன்னதெல்லாம் கண்ணாடித் தட்டுல வளத்த செல்லுல நல்லாப் பாத்தது. மனுஷ மூளைக்குள்ள இதே கதைதானான்னு முழுசா இன்னும் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு அவங்ககிட்டச் சொல்லிடாதீங்க."

பிறகு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பழுதானதைக் கழிக்கிற வேலை மாதேஷின் செல்களில் நடக்கவில்லை, மாத்திரை அதைச் சரிசெய்யாது, செத்துப்போன செல்கள் தந்துகொண்டிருந்த ஒரு பொருளுக்கு ஈடுகட்ட மட்டும் செய்யும் என்றார். அப்புறம் பேசாமல் இருந்தார்.

முதலில் பேசியது மாதேஷ். "ஓட்டப் பரிசல நாங்க தண்ணியில உடமாட்டங்க. கரையிலயே கவுத்துப் போட்டுருவம். எனக்குள்ளாற எல்லாத்தையும் தண்ணியிலயே உட்டு வெச்சிருக்குது, அப்படித்தானுங்களே?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

மாதம்மா தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "எங்க மாமனக் கட்டுனதாலயாங்க? எங்கம்மாதான் சொத்து வெளிய போயிரும்னு கட்டி வெச்சாங்க. எனக்குப் பதினாறு வயசு. என்னைய யாருங்க கேட்டாங்க?"

டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க மேல தப்பில்லம்மா. உங்களுக்கும் தெரியாது, உங்க வீட்டுக்காரருக்கும் தெரியாது. ரெண்டு பேரு உடம்புலயும் சத்தமில்லாம இருந்திருக்கு." மாதம்மா தலையை ஆட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

அதன்பிறகு மாதேஷ் என் பொறுப்பு. தரையில் வெள்ளை டேப்பைக் குறுக்கே வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றையும் தாண்டித் தாண்டி நடக்கவைத்தேன். கால் தரையில் ஒட்டிக்கொள்ளும்போது கன்னடத்தில் சத்தமாக எண்ணச் சொன்னேன். பாதம் உள்ளே திரும்பாமல் இருக்க ஒரு பட்டையும் செய்து தந்தோம். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில்தான் பயிற்சி. ஆற்றுக்குப் போக டாக்டர் அனுமதிக்கவில்லை. மீன் வறுத்து விற்கிற கடை ஒன்றில் சேர்ந்தான். டாக்டர் பயந்தபடியே, கொஞ்ச காலத்தில் மாத்திரை ஏறும்போது உடம்பு தானாக நெளிய ஆரம்பித்தது. சூடான எண்ணெய்ச் சட்டி முன்னால் அப்படி ஒரு ஆளை நிற்கவைக்க முடியாது என்று கடைக்காரர் நல்லவிதமாகவே சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒவ்வொரு தடவையும் கூட வந்தவள் கோமதி. இருபது வயதிருக்கும். அண்ணனுக்குச் சொல்லித்தரும் பயிற்சியை எட்டி நின்று கவனித்துவிட்டு வீட்டில் செய்யவைப்பாள். ஒரு சாயங்காலம் பெஞ்சுக்கடியில் அவள் கழற்றிவைத்த செருப்பு கண்ணில் பட்டது. இடது செருப்பில் வெளி ஓரம் மட்டும் தேய்ந்து சரிந்திருந்தது. அவள் பஸ்ஸுக்குப் போகும்போது பின்னாலிருந்து பார்த்தேன். இடது பாதம் லேசாக உள்ளே திரும்பியது.

டாக்டரிடம் சொன்னேன். "மொத நாளே பாத்தேன்" என்றார்.

அவளுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை மாதம்மாவின் கடைசித் தம்பி முருகேசன். லாரி டிரைவர். "சொல்லிடலாமே மேடம்" என்றேன்.

"அவ கேக்கலையே."

"கேக்கலாம்னே அவளுக்குத் தெரியாம இருக்கலாம்."

சற்று யோசித்தார். "அப்ப, கேக்கலாம்னு தெரியற மாதிரி செய்வோம். அதுக்கு மேல நமக்கு எடமில்ல."

அடுத்த முறை எல்லோரும் இருக்கும்போது, கூடப் பிறந்தவர்கள் தெரிந்துகொள்ள விரும்பினால் தனியாக வந்து பேசலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம், இரண்டுமே சரிதான் என்று பொதுவாகச் சொன்னார். கோமதி தலையைத் தூக்கவில்லை. அடுத்த வாரம் தனியாக பஸ் ஏறி வந்துவிட்டாள்.

"எனக்கும் சாயங்காலமானா காலு இழுக்குதுங்க மேடம். தூங்கி எந்திரிச்சா சரியாப் போகுது. அம்மாவுக்குத் தெரியாது. பாத்துச் சொல்லிருங்க."

"தெரிஞ்சா மறுபடி தெரியாததா ஆக்க முடியாதும்மா. இன்னும் யோசிச்சுக்கோ" என்றார் டாக்டர்.

"யோசிச்சுட்டுத்தாங்க பஸ் ஏறுனன்."

அவளுக்கும் இரண்டும் பழுது. முருகேசனிடம் அவளே போய்ச் சொல்லி, அவளே கூட்டிக்கொண்டு வந்தாள். அவருக்கும் ரத்தம் பார்த்தோம். ஒன்று பழுது, ஒன்று நல்லது. அவருக்கு நோய் வராது. ஆனால் இவர்கள் இரண்டு பேருக்கும் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரவும் வராமலிருக்கவும் சரிபாதி வாய்ப்பு. டாக்டர் இதை இரண்டு பேருக்கும் சொன்னார்.

முருகேசன் கையில் லாரிச் சாவியை உருட்டிக்கொண்டிருந்தார். "புள்ள வேண்டாங்க" என்றார். "எனக்குக் கோமதி போதும்."

"எனக்கு வேண்டாம் மாமா" என்றாள் கோமதி.

"என்ன வேண்டாம்?"

"கல்யாணம். இப்ப இப்படித்தான் சொல்லுவ. நாலு வருசம் போனா உங்கூட்டு ஆளுங்க கேப்பாங்க, நீயே நெனைப்ப. அண்ணன் படற பாட்ட தெனமும் பாத்துக்கிட்டுத்தான இருக்கறன். நீ வண்டிக்குப் போயிட்டா என்னைய யாரு தூக்கி உக்கார வெப்பா?"

"நான் வண்டிக்குப் போவல. இங்கயே ஏதாச்சும் பாக்கறன்."

"உனக்கு வண்டி ஓட்டறதத் தவுத்து என்ன தெரியும்?"

முருகேசன் டாக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நீங்களாவது சொல்லுங்கள் என்று கெஞ்சுகிற பார்வை. திரும்பிப் போகும்போது ஒரே பஸ் நிறுத்தத்தில் இருவரும் வேறு வேறு மூலையில் நின்றிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

கல்யாணம் நின்றது. காரணத்தைக் கோமதி ஊரில் சொல்லவில்லை. யாரோடோ பழக்கம் என்று பேசிக்கொண்டார்கள். அதையும் மறுக்கவில்லை. மாதம்மாவுக்கு உண்மை தெரிந்தபோது, மகளைத் திட்டவும் முடியாமல் கட்டிக்கொள்ளவும் முடியாமல் பல நாள் பேசாமலேயே இருந்திருக்கிறார். கோமதி தையல் மெஷின் போட்டாள். காலால் மிதிக்க முடியாமல் போனபோது மோட்டார் வைத்துக்கொண்டாள். முருகேசன் இரண்டு வருடம் கழித்து ஓமலூர்ப் பக்கம் பெண் எடுத்தார். டாக்டர் சௌந்தரவல்லி மாற்றலாகிப் போனார். போகும்போது, "அந்த ரெண்டு பேரையும் விட்டுடாதீங்க" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

பிறகு ஊரடங்கு வந்தது. பஸ் இல்லை. மாதாமாதம் வந்து மாத்திரை வாங்கிப் போனவர்கள் வரவில்லை. ஒரு நாள் காலையில் மாதம்மா போன் செய்தார். "ரெண்டு பேருமே கட்டையாட்டம் கெடக்கறாங்க மேடம். வாயில சோறு எறங்க மாட்டேங்குது. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலீங்க."

மாத்திரை என்னிடம் இருந்தது, போக வழியில்லை. மாதம்மாவே தம்பிக்கும் சொல்லியிருக்கிறார். காய்கறி ஏற்றுவதால் முருகேசனிடம் பாஸ் இருந்தது. தருமபுரியில் சுமையை இறக்கிவிட்டு நேராக மருத்துவமனை வாசலுக்கு வந்தார். நான் மாத்திரையோடு லாரியில் ஏறிக்கொண்டேன்.

வீட்டில் இரண்டு பாயில் இருவரும் கிடந்தார்கள். நடுவில் மாதம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்து, இந்தப் பக்கம் ஒரு கரண்டி, அந்தப் பக்கம் ஒரு கரண்டி என்று ஊட்டிக்கொண்டிருந்தார். நடந்ததை அவர்தான் சொன்னார். மாத்திரை குறைய ஆரம்பித்ததும் கோமதி தன் பங்கை அண்ணனுக்கே கொடுத்திருக்கிறாள். அவள் நடை கெடுவதைக் கண்டு மாதேஷ் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டான். தானும் சாப்பிட மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டான். இவள் அவனைத் திட்ட, அவன் இவளைத் திட்ட, பேச்சு குழறுகிறவரை சண்டை போட்டிருக்கிறார்கள். கடைசி மாத்திரைகளைப் பாதி பாதியாக மாதம்மாவே இருவர் வாயிலும் திணித்திருக்கிறார்.

கோமதியின் முகம் அசையவில்லை. இந்த நோயில் முகத் தசையும் இறுகிவிடும். கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. "அண்ணனுக்கு மொதல்ல" என்றாள். அந்த இரண்டு சொல்லைப் புரிந்துகொள்ள நான் குனிய வேண்டியிருந்தது. இரண்டு பேரையும் ஆளுக்கொரு பக்கம் நிமிர்த்தி உட்காரவைத்து, மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கவைத்தோம். முருகேசன் உள்ளே வரவில்லை. வேப்ப மரத்தடியில் லாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

வெகு நேரம் கழித்துக் கோமதியின் விரல்கள் பிரிந்தன. என் கையைப் பிடித்து எழுந்தாள். தலைமுடியைக் கோதிக் கொண்டை போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி வாசலுக்கு வந்து, பிறகு சுவரை விட்டுவிட்டு அவர் நிற்கிற இடம்வரை நடந்தாள்.

"நல்லாத்தான நடக்கற" என்றார் முருகேசன்.

"நான் எங்க நடக்கறன் மாமா. மாத்திர நடக்குது." பிறகு, "புள்ளைங்க நல்லாருக்கா?" என்று கேட்டாள்.

"நல்லாருக்குதுங்க" என்றார். அவளைவிட மூத்தவர், மரியாதையாகச் சொல்லிவிட்டார். அது அவருக்கே தெரியவில்லை.

மாதேஷ் அதற்கடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனான். சோறு மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலில் சளி கட்டிவிட்டது. கோமதி இன்னும் மருத்துவமனைக்கு வருகிறாள். இப்போது கூட வர அண்ணன் இல்லை, அம்மாவுக்கும் முடியவில்லை. மாத்திரை ஏறி இறங்கும் நேரத்தைக் கணக்குப் பார்த்து பஸ் ஏறுகிறாள் என்று நித்யா சொன்னாள். பழுதான மைட்டோகாண்ட்ரியாவை அப்புறப்படுத்த உதவும் மருந்துக்காக எங்கெங்கோ முயற்சி நடப்பதாகப் படிக்கிறேன். அவள் கைக்கு வந்து சேரும்படி இதுவரை ஒன்றும் இல்லை.

அன்று லாரியில் திரும்பி வந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பென்னாகரம் தாண்டியதும் முருகேசன் வாயைத் திறந்தார்.

"எம் புள்ளைங்களுக்கு இது வருமாங்க மேடம்?"

"உங்க சம்சாரம் சொந்தத்துல இல்லையே?"

"இல்லீங்க. எந்த வழியிலயும் சொந்தம் கெடையாது."

"அப்ப வர்றதுக்கு வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி. அதை நெனச்சுப் பயப்படாதீங்க."

ரோட்டைப் பார்த்தபடியே தலையாட்டினார். "அன்னிக்குப் பஸ் ஸ்டாப்புல கோமதி இதத்தாங்க சொல்லுச்சு. வெளிய கட்டிக்க மாமா, உனக்கு நல்ல புள்ளைங்களாப் பொறக்கும்னு. எனக்குக் கோவம் வந்து கண்டபடி பேசிப்புட்டன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார்.

ஊருக்கு வெளியே போலீஸ் தடுப்புப் போட்டிருந்தார்கள். ஒரு காவலர் கையைக் காட்டி நிறுத்தி, ஜன்னலுக்கு வந்து, "வண்டியில என்ன லோடு?" என்று கேட்டார். முருகேசன் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. காவலர் மறுபடி கேட்டார். நான் இந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, "ஒண்ணுமில்ல சார், காலி வண்டி" என்றேன்.